0.34 ஆள்

ஆராய்ச்சிக்குப் பணம் கிடைத்தது பெரிய கதையில்லை. 2009 பிப்ரவரியில் ஒபாமா கையெழுத்துப் போட்ட பொருளாதார ஊக்க நிதிச் சட்டத்தில், மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் அரசு அமைப்பான என்.ஐ.எச்.சுக்கு மட்டும் 10.4 பில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். அதில் சேலஞ்ச் கிராண்ட் என்ற புது ஆராய்ச்சி நிதிப் பக்கம் போனவர்கள் பாவம், 20,000க்கு மேல் விண்ணப்பம் குவிந்து ஏறக்குறைய 840 பேருக்குத்தான் கிடைத்தது. எங்கள் புரொஃபசர் விவரமானவர். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஆர்01 என்ற வழக்கமான ஆராய்ச்சி கிராண்டுக்கு சப்ளிமெண்ட், அதாவது கூடுதல் தொகை, கேட்டார், வந்தது. அந்தக் காசில் செப்டம்பர் 1ஆம் தேதி போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வாளர், வேலையில் நான் சேர்ந்தேன்.

தலைவலி அக்டோபரில் தொடங்கியது. ஒவ்வொரு காலாண்டும் முடிந்து பத்தே நாளில், எவ்வளவு செலவு, அதனால் எத்தனை பேருக்கு வேலை என்று அரசுத் தளத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. மக்கள் பார்க்க ரெக்கவரி.கவ் என்ற தளத்தில் அது அப்படியே வெளிவந்தது. "புதுசா வந்தவர்தானே, நீங்களே நிரப்பிடுங்க" என்று புரொஃபசர் எக்செல் தாளை என் தலையில் கட்டினார்.

வேலை எண்ணிக்கைக் கட்டத்தில் 1 என்று போட்டேன். திரும்பி வந்தது. ஆள் கணக்கில்லையாம், மணிக்கணக்காம். காலாண்டுக்கு 520 மணி என்றால்தான் ஒரு முழு ஆள். நான் வேலை பார்த்தது 22 நாள், 176 மணி. ஆக நான் 0.34 ஆள்.

சரி, முடிந்தது என்று நினைத்தால் 8ஆம் தேதி மறுபடியும் வந்தது. கிராண்ட் எண் தப்பு. பழைய ஃபைலிலிருந்து 5இல் தொடங்கும் மூல எண்ணை எடுத்துப் போட்டிருந்தேன். சப்ளிமெண்ட் எண் 3இல் தொடங்கி எஸ்1 என்று முடியும். இதைக் கேட்கத்தான் கிராண்ட்ஸ் ஆபீசுக்கு இரண்டு தடவை நடந்தேன். முதல் தடவை, "அது உங்க டிபார்ட்மெண்ட் பார்க்கணும்." டிபார்ட்மெண்டில் கேட்டால், "அது கிராண்ட்ஸ் ஆபீஸ்." இரண்டாம் தடவை அந்த அம்மா சாப்பிடப் போயிருந்தார். கடைசியில், பணம் ஒதுக்கியதாக என்.ஐ.எச். அனுப்பிய அவார்டு நோட்டீசின் முதல் பக்கத்திலேயே அந்த எண் இருந்தது! உங்களுக்கு இப்படி ஒன்று வந்தால் அந்தத் தாளைத் தவிர வேறெதையும் பார்த்து நிரப்பாதீர்கள். காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற, தொகுதி எண்ணையும் ஒருமுறை சரிபாருங்கள். நவம்பரில் அரிசோனாவின் 15ஆம் தொகுதியில் வேலை கிடைத்ததாகத் தளத்தில் வந்து ஊரே சிரித்தது. அரிசோனாவுக்கு அப்போது மொத்தமே எட்டுத் தொகுதிதான்.

அக்டோபர் 9, வெள்ளிக்கிழமை மாலை ஒருவழியாக ஏற்றுக்கொண்டார்கள். பிறகு தளத்தில் எங்கள் கிராண்டைத் தேடிப் பார்த்து, சந்தோஷத்தில் மதுரையில் இருக்கும் அண்ணனுக்கு லிங்க் அனுப்பினேன். "மூணுல ஒரு பங்குக்காடா அமெரிக்கா போன?" என்றான்.

அடுத்த காலாண்டில் முந்தையதையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்பதால், 0.34ஐயும் முழுக் காலாண்டின் 1ஐயும் கூட்டிச் சராசரி போட்டு 0.67 என்று முன்கூட்டியே தயாராக வைத்திருந்தேன். டிசம்பர் 18ஆம் தேதி விதியையே மாற்றிவிட்டார்கள். இனிமேல் பழையதைக் கூட்ட வேண்டாம், அந்தந்தக் காலாண்டை மட்டும் காட்டினால் போதுமாம். ஜனவரியில் 1 என்று போட்டேன். திரும்பி வரவில்லை.