ஆண்டு சரி

இசைத்தட்டு விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலையில் சேர்ந்தபோது எனக்கு வயது 36. பாடியவர், எழுதியவர், ஆண்டு, வகை என்று ஒரு தட்டுக்குப் பதினெட்டுக் கட்டங்கள். எங்காவது இடித்தால் வரி சிவப்பாகிவிடும்.

இங்கிலாந்துப் பாடகி வாஷ்டி பன்யனின் வரி அப்படித்தான் சிவந்தது. முதல் ஆல்பம் 1970, இரண்டாவது 2005. “ஆண்டைத் தப்பாக அடித்திருக்கிறீர்கள், பாருங்கள் அம்மா” என்றார் மேற்பார்வையாளர்.

பார்த்தேன். தப்பில்லை. 1965இல் லண்டனில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் எழுதிய பாட்டோடு அறிமுகமானவர். பாப் பாடகியாக்கப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 1968இல் காதலனோடு, பெஸ் என்ற குதிரை பூட்டிய வண்டியில் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்குப் புறப்பட்டுவிட்டார். பாடகர் டொனோவன் அங்கே நிலம் வாங்கியிருந்தார், கலைஞர்கள் கூடி வாழலாம் என்று பேச்சு. ரயிலில் ஒன்றிரண்டு நாள் தூரம், குதிரை வண்டிக்கு ஓராண்டுக்கு மேல் பிடித்தது. குதிரைக்குப் புல், ராத்தங்க இடம், அடுப்புக்குச் சுள்ளி. இவற்றைத் தேடி அலைந்த வழியில்தான் பாட்டுகள் பிறந்தன. போய்ச் சேர்ந்தால் டொனோவன் அங்கே இல்லை!

அந்தப் பாட்டுகளோடு ஜோ பாய்ட் தயாரித்த முதல் ஆல்பம் சில நூறு பிரதிகளே விற்றது. பன்யன் கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளைகள், வீடு என்று இருந்துவிட்டார். 2000இல் அது குறுந்தட்டாக மீண்டும் வந்த பிறகுதான் இளம் பாடகர்கள் அவரைத் தேடி வந்தார்கள். வகைக் கட்டத்தில் எல்லாரும் ‘ஃபோக்’, அதாவது நாட்டுப்புற இசை என்று போடுகிறோம். தான் அப்படிப்பட்ட பாடகியே இல்லை என்பது அவர் கட்சி. அதற்கு எங்களிடம் கட்டம் கிடையாது.

2005 ஆல்பத்தின் பெயர் ‘லுக்ஆஃப்டரிங்’. பிறரைப் பார்த்துக்கொள்வதற்கு அவரே உண்டாக்கிக்கொண்ட சொல். அதை அடிக்கும்போது விரல் கொஞ்சம் நின்றது.

இந்த வேலைக்கான நேர்காணலில் என் விண்ணப்பத்தைப் புரட்டிய ஒருவர், “நடுவில் ஏழு வருடம் ஒன்றுமில்லையே, என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். இரண்டு குழந்தைகள், படுக்கையில் விழுந்த மாமியார், ஒரு நாளைக்கு மூன்று முறை சோறு குழைத்து ஊட்டியது. இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. “வீட்டில் சும்மாதான் இருந்தேன் சார்” என்றேன்.

குறிப்புக் கட்டத்தில் நாற்பது எழுத்துக்கு மேல் ஏறாது. ‘ஆண்டு சரி’ என்று அடித்தேன். சிவப்புப் போனது. அடுத்த தட்டை எடுத்தேன்.