கரும்புச் சாம்பல் என்று நினைத்தேன், எள்ளாக இருந்தது

கரும்பு வெட்டும் மாதங்களில் எங்கள் வீட்டுக் கொடியில் வெள்ளைத் துணி காயப்போட முடியாது. தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, வெருலம் பக்கம் இருக்கிறோம். வெட்டுவதற்கு முன்னால் தோட்டத்தைக் கொளுத்துவார்கள், கொஞ்ச நேரத்தில் கறுப்புச் சாம்பல் இழை இழையாகப் பறந்து வந்து விழும், தட்டிவிடப் போனால் மை மாதிரி இழுபடும். ஏப்ரல் வாக்கில் ஆரம்பித்து வருடக் கடைசி வரைக்கும் இதுதான். பையனுக்கு ஒன்றரை வயதிலிருந்தே வீசிங். அதனால் அவன் இருமினாலே நான் முதலில் கொடியைத்தான் எட்டிப் பார்ப்பேன். 2023 புரட்டாசியில் என்னை ஏமாற்றியது இந்தப் பழக்கம்தான்.

புரட்டாசியை இங்கே நம் ஊரைவிடக் கறாராகப் பிடிக்கிறார்கள். தமிழ் நான்கு வார்த்தைக்கு மேல் வராத வீட்டில்கூட மாதம் முழுக்கக் கறி, மீன் கிடையாது. நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி, சனிக்கிழமை என்றால் பெருமாளுக்கு எள்ளுச்சாதம் படைத்தே ஆகவேண்டும். அன்று பையனுக்கும் இரண்டு வாய் ஊட்டினேன். பத்து நிமிடம்கூட இருக்காது, இருமல் வந்தது, ஒருமுறை வாந்தி எடுத்தான், பிறகு நெஞ்சுக்குள் அந்த விசில் சத்தம். உடம்பில் தடிப்பு எதுவும் இல்லை. காதுமடல் மட்டும் சிவந்திருந்ததைப் பார்த்தேன், அழுததில் சிவந்துவிட்டது என்று விட்டுவிட்டேன். கொடியில் சாம்பல் இருந்தது. சரி, புகைதான் என்று முடிவு கட்டினேன்.

இழுப்பு வந்தால் அடிக்கிற நீலப் பம்ப் (இன்ஹேலர்) அடித்தும் அடங்கவில்லை. நெபுலைசரை எடுத்தால் லோட்ஷெடிங், கரண்ட் வர இன்னும் ஒன்றரை மணி நேரம். காரில் தூக்கிக்கொண்டு ஓடினோம். எமர்ஜென்சியில் மருந்துப் புகை பிடிக்கவைத்து, ஸ்டீராய்டு கொடுத்து, தேறியதும் அனுப்பிவிட்டார்கள். கடைசியாக என்ன சாப்பிட்டான் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து அம்மா அனுப்பிய பார்சல் வந்தது, உள்ளே எள்ளுருண்டை. நான் அடுப்படியில் இருந்தேன், அவனே ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டான். இந்தத் தடவை உதடு வீங்கியது, கழுத்தெல்லாம் பட்டை பட்டையாகத் தடிப்பு, கூடவே அதே இருமல், அதே வாந்தி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இம்முறை தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள், ஐந்து நிமிடத்தில் மூச்சு சீராகி, தண்ணீர் கேட்டான். அடங்கினது மறுபடி கிளம்பலாம் என்று ராத்திரி அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

அலர்ஜி டாக்டரிடம் போவதற்கு ஐந்து நாள் முன்பே அரிப்பு மருந்தை நிறுத்தச் சொன்னார்கள், கொடுத்தால் தோல் பரிசோதனை சரியாகக் காட்டாதாம். வீட்டு எள்ளையும் கொஞ்சம் எடுத்து வரச் சொன்னார்கள், பாட்டிலில் வரும் எள் சாற்றில் சில பிள்ளைகளுக்கு ஒன்றுமே காட்டாமல் போய்விடுமாம். பெருங்காய டப்பாவில் ஒரு ஸ்பூன் எள் கொண்டுபோனேன். டாக்டர் அதை நசுக்கி முன்கையில் வைத்துக் குத்தினார். பக்கத்திலேயே தூசிப்பூச்சி, முட்டை, வேர்க்கடலை என்று வரிசையாகப் பொட்டுகள். பதினைந்து நிமிடம் அவனைச் சொறியவிடாமல் பிடித்துக்கொண்டிருந்ததுதான் பெரிய வேலை. தூசிப்பூச்சி இடத்தில் கொசுக்கடி அளவு. எள் இடத்தில் பத்துக் காசு அகலத்துக்கு வெள்ளையாக எழும்பி நின்றது.

கைக்குழந்தையில் அவனுக்குத் தோல் வெடித்து எக்ஸிமா இருந்ததே, அப்போது என்ன தடவினீர்கள் என்று கேட்டார். நல்லெண்ணெய்தான், வேறு என்ன. தேய்த்த அன்றெல்லாம் உடம்பு சிவக்கும், எண்ணெய்ச் சூடு என்று நினைத்துக்கொள்வேன். புண்பட்ட தோல் வழியாக உணவுப் பொருள் உள்ளே போனால் உடம்பு அதை எதிரியாகப் பதிந்துகொள்ள வாய்ப்பு உண்டு என்றார். செக்கெண்ணெயில் எள்ளின் புரதம் தங்கியிருக்குமாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன், அது எதற்கும் உதவவில்லை.

உதவினது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விஷயம். எள் பட்டு வருகிற இழுப்பும் ஆஸ்துமா இழுப்பும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும், தடிப்பு இருந்தே தீரும் என்று இல்லை. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் திடீரென்று இழுத்தால், கூட வாந்தியும் இருந்தால், பம்ப்பைத் தேடாதே, முதலில் அட்ரினலின், அதன் பிறகு பம்ப். எது என்று சந்தேகமாக இருந்தாலும் அட்ரினலின்தான். இன்னொன்று, ஆஸ்துமா அடங்காத பிள்ளைக்கு உணவு அலர்ஜி உயிருக்கு ஆபத்தாகப் போக வாய்ப்பு அதிகம். நான் அதுவரை, இழுப்பு வராமலிருக்கத் தினமும் அடிக்கவேண்டிய ஸ்டீராய்டு பம்ப்பை இழுப்பு இல்லாத நாட்களில் தவிர்த்துக்கொண்டிருந்தேன், 'சின்னப்பிள்ளைக்கு எதுக்கு ஸ்டீராய்டு' என்று. இப்போது காலை, மாலை பல் தேய்ப்பதற்கு முன்னால் அது கட்டாயம். சாம்பல் காலத்து இருமலே பாதியாகிவிட்டது.

நெபுலைசரைத் தூக்கிப் போடு, ஸ்பேசர் (பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குடுவை) போதும் என்றார். கரண்டும் வேண்டாம். ஒருமுறை டொங்காட்டில் நாத்தனார் வீட்டுக்குப் போய் ஸ்பேசரை மறந்துவிட்டு வந்து நின்றோம். அவர் ஒரு அரை லிட்டர் கூல்டிரிங்க் பாட்டிலைக் கழுவி, அடியில் சூடான கம்பியால் பம்ப் வாய் அளவுக்குத் துளை போட்டு, சுற்றி டேப் ஒட்டி, பாட்டில் வாயை மாஸ்க்கில் செருகிக் கொடுத்தார். எனக்குப் பயம். டாக்டரிடம் கேட்டால் சிரிக்கிறார். கேப்டவுனில் ஹெதர் ஸார் என்கிற குழந்தை மருத்துவர் 1999-லேயே இதே அரை லிட்டர் பாட்டிலை வைத்து ஆய்வு செய்து, கடை ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்கிறது என்று லான்செட்டில் எழுதியிருக்கிறாராம், துளையைச் சுற்றிக் காற்றுப் போகாமல் ஒட்டியிருந்தால் போதும்.

கடை விஷயம்தான் இன்னும் தலைவலி. இந்த நாட்டில் 2010-இல் வந்த லேபிள் விதியில் முட்டை, பால், மீன், வேர்க்கடலை, சோயா, கொட்டைகள், கோதுமை எல்லாம் உண்டு, எள் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் 'அலர்ஜன்ஸ்' என்று தடித்த எழுத்தில் இருப்பதை மட்டும் பார்த்து வாங்க முடியாது. பொடி எழுத்தில் முழுப் பட்டியலையும் படிக்கவேண்டும், 'ஸ்பைசஸ்' என்று மொட்டையாகப் போட்டிருந்தால் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்பேன். பன் வாங்குவதை நிறுத்திவிட்டேன், மேலே எள் தூவாத பன்னும் தூவின பன்னும் ஒரே தட்டில்தான் கிடக்கின்றன. மெடிக்கல் எய்டில் (இங்கத்து மருத்துவக் காப்பீடு) ஆஸ்துமா நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருப்பதால் பம்ப்புகள் கிடைக்கின்றன, படிவத்தில் டாக்டர் நோய்க் குறியீட்டை எழுதவேண்டும், அவ்வளவுதான். உணவு அலர்ஜிக்கு அந்த இடமில்லை.

அட்ரினலின் பேனா (அளவு மருந்தோடு தயாராக வரும் ஊசி) மருந்துக்கடையில் இருந்தால் விலை அதிகம், பல மாதம் இருப்பதே இல்லை. எங்களுக்கு ஆம்ப்யூலும் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) ஒரு மில்லி சிரிஞ்சும் எழுதிக்கொடுத்து, அவன் எடைக்கு 0.15 மில்லி என்று சிரிஞ்சிலேயே மார்க்கரால் கோடு போட்டுக் காட்டினார்கள். ஆம்ப்யூலின் கழுத்தை உடைப்பது முதல் தடவை நடுக்கமாகத்தான் இருக்கும், துணி சுற்றி எதிர்ப்பக்கமாக மடக்கினால் டக்கென்று வரும்.

நான் வேலைக்குப் போகும் நாளில் பையன் பக்கத்து வீட்டு ஆயாவிடம்தான் இருப்பான், ஆகவே அவருக்கும் கற்றுக்கொடுத்தோம். போன ஜூனில் ஒரு பை நார்ச்சி வாங்கிவந்து, காலாவதியான ஆம்ப்யூல்களை வைத்துப் பழகினோம். (நார்ச்சி என்பது கமலா ஆரஞ்சு மாதிரிப் பழம். அந்தப் பேரே நம் நாரத்தையிலிருந்து வந்ததுதான் என்கிறார்கள், எப்போதோ கப்பலேறி வந்த சொல்லோ என்னவோ.) முதல் பழத்தில் ஆயா ஊசியைச் சாய்த்துக் குத்தினார், இரண்டாவதில் மருந்து வெளியே ஒழுகியது. மூன்றாவதை மடியில் வைத்து, "அசையாதேடா பையா, முடிஞ்சிது" என்று பழத்திடம் சொல்லிக்கொண்டே நேராக இறக்கினார். பையன் ஓடிவந்து அந்தப் பழத்தைத்தான் தின்பேன் என்று ஒரே அடம்.