நாலாம் தண்ணி மாத்தியாச்சு, பிள்ளையார் இன்னும் வாளிக்குள்ளதான்

விளக்கீட்டுக்கு மினுக்கி வச்ச பித்தளைப் பிள்ளையார், ரெண்டு கிழமை விடாம மழை பெய்ய, பீடத்தடியில திரும்பவும் இளம்பச்சையாப் பூத்திட்டார். இது அஞ்சாந்தரம். விளக்கெண்ணெய் பட்டு வாற பச்சையெண்டா நான் இதை எழுதவே மாட்டன், அது பிசுபிசுப்பு, துணியால இழுத்தா வந்திடும். இது காய்ஞ்ச மா மாதிரி, நகத்தால சுரண்டினா உதிரும், கீழ பாத்தா ஊசி குத்தின மாதிரிக் குழி.

ஆள் ஒரு சாண் உயரம், அம்மம்மான்ர காலத்தவர். 2009 தை மாசம் வெளிக்கிடேக்க உரப்பையில சுத்திக் கிணத்தடியில தாட்டது, 2011-ல வந்து கிணத்துக்கட்டில இருந்து காலடி எண்ணித்தான் கிண்டி எடுத்தனாங்கள். முல்லைத்தீவுக் கரை மண், கிணறும் உவர். உப்பில இருக்கிற குளோரைட் உள்ளுக்க இறங்கிச் செம்போட சேந்து கிடக்கும், காத்தில ஈரம் ஏற அமிலம் கக்கும், அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்னும், பிறகு திரும்பவும் அதே கூத்து. நூதனசாலைக்காரர் இதுக்கு வெண்கல நோய் எண்டு பேர் வச்சிருக்கினம், பித்தளைக்கும் வரும்.

என்ர மடத்தனம் என்னெண்டா, நாலு தரமும் தேசிக்காய்ப் பாதியில உப்புத் தொட்டுத்தான் தேய்ச்சனான், உவர்த் தண்ணியாலதான் கழுவினனான். நோய்க்கு நானே தீனி போட்டிருக்கிறன். ஒருக்காப் பழப்புளியில ராமுழுக்க ஊறவிட்டு, விடியப் பாத்தா தும்பிக்கை சிவந்துபோய்க் கிடக்கு, புளி, பித்தளையில செம்போட கலந்திருக்கிற நாகத்தை (துத்தநாகத்தை) உருவிப்போட்டுச் செம்பை மட்டும் விட்டிட்டுது. அதுக்கு மருந்தில்லை.

இப்ப செய்யிறது உள்ளுக்க இருக்கிற குளோரைட்டை வெளிய இழுக்கிற சோடாக் குளியல், சலவைச்சோடாவும் (வாஷிங் சோடா) அப்பச்சோடாவும் (பேக்கிங் சோடா) கலந்த 5 வீதக் கரைசல். இங்க கடையில சலவைச்சோடா கேட்டா சவுக்காரத்தூளைத்தான் எடுத்து நீட்டுறாங்கள், அதால நானே வறுத்தன். 100 கிராம் அப்பச்சோடாவை எவர்சில்வர் சட்டியில மெல்லிய நெருப்பில கிண்ட, கொஞ்ச நேரத்தில காய்ஞ்ச தூளே தண்ணி மாதிரிக் கொதிச்சு அலையடிக்கும், நீராவியும் காபனீரொட்சைட்டும் வெளிக்கிடுறதுதான் அது, அலை அடங்கின உடன இறக்கிப்போடாதேங்கோ, நான் அப்பிடி இறக்கித்தான் பிழைச்சனான், நிறுத்துப் பாக்க 78. திரும்ப அடுப்பில, 71. திரும்பவும். 63-க்கு வந்து அங்கால அசையாம நிண்டாத்தான் முழுக்கச் சலவைச்சோடா ஆனதெண்டு கணக்கு. தராசு 63 காட்டின அண்டைக்கு வந்த சந்தோசம் எனக்கு ஓஎல் றிசல்ட்டுக்கும் வரேல்லை. அதோட வறுக்காத அப்பச்சோடா 50 கிராம், தண்ணி ரெண்டேகால் லீற்றர், மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி.

தண்ணி, வாகன பற்றரிக்கு விடுற உப்பில்லாத வடிச்ச தண்ணிதான், கிணத்துத் தண்ணி சரிவராது. போத்தல் போத்தலா வாங்க, பாட்ஸ் கடை அண்ணை "தம்பி எத்தினை லொறி ஓடுது" எண்டு கேட்டார். பிள்ளையாருக்கு எண்டு சொல்ல வெக்கமாப் போச்சு. அம்மாவுக்கு இன்னும் கோவம், "தெய்வத்தை ஊறுகாய் போட்டு வச்சிருக்கிறான்" எண்டு வாறவை போறவை எல்லாருக்கும் சொல்லுறா. (இவர் வீட்டுச் சாமித்தட்டில இருந்தவர். பிரதிட்டை பண்ணின மூர்த்தியெண்டா ஐயரைக் கேக்காமக் கை வைக்காதேங்கோ.)

கிழமைக்கு ஒருக்காத் தண்ணி மாத்துறன். முதல் தண்ணி நீலமாப் போச்சு, நல்ல செம்பும் கொஞ்சம் கரையுது, இந்த முறையின்ர குறை அதுதான். நாலாவதில நிறம் மட்டுமட்டாத் தெரியுது. குளோரைட் வாறது நிண்டிட்டுதோ எண்டு பாக்க வெள்ளி நைத்திரேற்று வேணும், தண்ணியில குளோரைட் இருந்தா அது வெள்ளையாத் திரளும், படிப்பிக்கிற சிநேகிதன் ஒருத்தனிட்டச் சொல்லி வச்சிருக்கிறன், முதல் நைத்திரிக்கமிலம் விடாட்டி சோடாவே வெள்ளையாத் திரண்டு ஏமாத்துமாம்.

பூசுறதுக்குத் தேங்காயெண்ணெய் கூடாது, அதுவும் செம்போட சேந்து பச்சையாகும், தூக்குவிளக்குச் சங்கிலியில பாக்கிறம்தானே. அதுக்குப் பதிலாப் பூசுற மைக்ரோகிறிஸ்டலைன் மெழுகு (நூதனசாலைகளில உலோகத்துக்குப் பூசுற மெழுகு) கொழும்பில இருந்து எடுப்பிக்கோணும், விலை கேட்டதோட நிக்கிது. அதுக்குள்ள அந்தச் சங்கிலியையும் கழட்டி வச்சிட்டன், அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு முதல் ஆளைத் தட்டில ஏத்தோணும். கடல்தண்ணியில விளக்கெரியிற வற்றாப்பளை அம்மனுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு உப்புக்குப் பயப்பிடுறான் எண்டு மச்சான் நக்கலடிக்கிறான்.