நான்காம் நாள் காலை

பிரசவம் முடிந்து நான்காம் நாள். குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கழிப்பறைக் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தேன். வயிறு கனத்துக் கிடந்தது, உள்ளே போகக் கால் வரவில்லை. பதினான்கு மணி நேரம் பிரசவ வலியைத் தாங்கியிருக்கிறேன். ஆனால் அன்று முக்கினால் தையல் பிரிந்துவிடும் என்ற பயம் என்னை அப்படியே நிறுத்திவிட்டது. திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். மாலை வரை மூன்று முறை இதே கதைதான்.

கர்ப்பத்தைப் பற்றி என்னிடம் பேசியவர்கள் ஏராளம். வாந்தி, கால் வீக்கம், தூக்கமின்மை, பால் கட்டுவது எல்லாவற்றுக்கும் யாராவது ஆலோசனை வைத்திருந்தார்கள். மலச்சிக்கலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மருத்துவர் ஒவ்வொரு முறையும் "வேறு ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று கேட்பார். "இல்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு வருவேன். மாதக்கணக்கில் அப்படிச் சொன்னதன் விலையை உடம்பு கொடுத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பள்ளி ஆசிரியை. மணி அடித்தால்தான் வகுப்பை விட்டு வெளியே வர முடியும். மலம் வரும் உணர்வு காலை இரண்டாம் பாடவேளையில் வரும், அடக்கிக்கொள்வேன். இடைவேளையில் போகலாம் என்று பார்த்தால் உணர்வு போயிருக்கும். அடக்க அடக்க மலக்குடல் அந்த அழைப்பை விடுப்பதையே குறைத்துக்கொள்ளும் என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். உள்ளே தங்கும் மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தங்கும் நேரம் கூடக் கூட அது கல்லாகும். எனக்குக் கர்ப்பத்துக்கு முன்பே பாதிச் சிக்கல் இப்படித் தயாராகி இருந்தது.

மீதியைக் கர்ப்பம் சேர்த்தது. கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் கருப்பையின் தசையைத் தளர்த்தி வைக்கிறது. குடலைச் சுற்றியிருப்பதும் அதே வகைத் தசைதான், அதுவும் தளர்ந்து மெதுவாகிறது. எனக்கு எட்டாவது வாரத்திலேயே வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் போகவில்லை. வாந்தியால் தண்ணீர் குடிக்கவே முடியாத நாட்கள் அவை. பிந்தைய மாதங்களில் கருப்பை வளர்ந்து மலக்குடலை அழுத்தத் தொடங்கியது.

இருபதாவது வாரத்தில் ஹீமோகுளோபின் 10.6 என்று வந்தது. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனால் இரத்தசோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் மலம் கறுத்தது, கெட்டிப்பட்டது. நிறம் மாறுவது அந்த மாத்திரையின் இயல்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒருநாள் அரைமணி நேரம் முக்கியதில் துடைத்த காகிதத்தில் இரத்தம். அன்றிரவே மாத்திரையை நிறுத்தினேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

இருபத்தெட்டாவது வாரப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று மருத்துவர் கேட்டார். பதில் சொல்வதற்குள் அழுதுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?" என்றார். அந்தப் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். என் மனதில் வெகுநாளாக அரித்துக்கொண்டிருந்த கேள்வியையும் கேட்டேன்: இப்படி முக்கினால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? குழந்தை இருப்பது கருப்பைக்குள், மலக்குடல் வேறு வழி, முக்குவதால் குழந்தை வெளியே வந்துவிடாது என்றார். அதே மூச்சில், முக்குவதால் கெடுவது நீங்கள்தான், மூலமும் ஆசனவாய்ப் பிளவும் அப்படித்தான் வருகின்றன என்றும் சொன்னார். எனக்கு வந்திருந்தது பிளவு. இரத்தம் எதனால் வருகிறது என்பதை நாமே தீர்மானிக்கக் கூடாது, பார்த்தால் காட்டிவிட வேண்டும்.

இரும்பு மாத்திரையை வேறு வகைக்கு மாற்றினார், கூடவே லாக்டுலோஸ் எழுதிக்கொடுத்தார். அது உடம்பில் சேராமல் குடலுக்குள்ளேயே தண்ணீரை இழுத்து வைத்து மலத்தை இளக்குவது. இரவு குடித்துவிட்டுக் காலையிலேயே எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு நாள் ஆகும் என்பது தெரிந்திருந்தால் அந்த முதல் இரவில் அளவைக் கூட்டிக் குடிக்கும் எண்ணம் வந்திருக்காது. கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மலமிளக்கிகள் இன்னும் உண்டு: இசப்கோல் போல் நீரில் ஊறி உப்பும் உமி, மேக்ரோகோல் என்ற தூள். எது யாருக்கு, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம். அது குடலை முறுக்குவதோடு கருப்பையையும் சுருங்க வைக்கலாம். எனக்கு அதைப் பரிந்துரைத்த உறவினர் நல்ல மனதோடுதான் சொன்னார், நான் குடிக்கவில்லை.

நார்ச்சத்து விஷயத்தில் நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 28 கிராம் வேண்டும் என்று படித்த அன்றே தவிடும் பழமும் பயறுமாகத் தட்டை நிரப்பினேன். தண்ணீர் பழைய அளவுதான். மூன்றாம் நாள் வயிறு உப்பி, மூச்சு விடவே சிரமமாக இருந்தது. நார் வேலை செய்ய அதற்குத் தண்ணீர் வேண்டும், குடலுக்கும் பழகிக்கொள்ள நாட்கள் வேண்டும். அதன் பிறகு வாரம் ஒன்றாகச் சேர்த்தேன். முதல் வாரம் தோலோடு சாப்பிடும் பழம் ஒன்று, அடுத்த வாரம் பயறு, அதற்கடுத்து தீட்டாத தானியம். மேசையில் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்துப் பள்ளி முடிவதற்குள் காலி செய்வது, வீட்டுக்கு வந்து இன்னொன்று. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான தண்ணீர் போகிறது என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

இனி அந்த நான்காம் நாளுக்கு வருகிறேன்.

சுகப்பிரசவத்துக்குப் பின் இரண்டு மூன்று நாள் மலம் கழியாமல் இருப்பது பொதுவாகவே நடப்பது. வலி நேரத்தில் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டோம், பிரசவத்தின்போதே குடல் கொஞ்சம் காலியாகியிருக்கும், சில வலி மாத்திரைகள் குடலை மந்தமாக்கும், தாய்ப்பாலுக்கும் தண்ணீர் போகும். இவற்றோடு பயம் சேர்ந்துகொள்கிறது. வலிக்குமே என்று நினைத்த மாத்திரத்தில், கருப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசை இறுகிக்கொள்ளும். இறுகிய கதவைத் தள்ளுவதற்காக முக்குவோம், அது இன்னும் இறுகும். நான் அதில்தான் சிக்கியிருந்தேன்.

மாலையில் பிரசவ வார்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். பேசிய செவிலியருக்கு வயது அதிகம் இருக்கும், குரலில் தெரிந்தது. நான் தயங்கியபோதே, "மலம் கழியவில்லையா அம்மா? இதற்குத்தான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள்" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே எனக்குப் பாதி இறுக்கம் விட்டது.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சாப்பிட்டு இருபது முப்பது நிமிடம் கழித்துப் போங்கள், வயிற்றில் சாப்பாடு விழுந்தவுடன் குடல் தானாக அசையும். காலுக்குக் கீழே ஒரு பலகை வைத்து முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி உட்காருங்கள். முன்னால் சாய்ந்து முழங்கைகளை முழங்கால் மேல் ஊன்றுங்கள். சுத்தமான நாப்கினை மடித்துத் தையல் மேல் முன்பக்கமிருந்து மெதுவாக அணைத்துப் பிடியுங்கள். மூச்சைப் பிடிக்க வேண்டாம், வாயைத் திறந்து மெழுகுவர்த்தி ஊதுவதுபோல் நீளமாக விடுங்கள். வயிறு முன்னால் விரியட்டும். பத்து நிமிடத்தில் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள், மறுபடி உணர்வு வரும்போது போகலாம். "தையல் பிரியாது அம்மா. நான் எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன்" என்று முடித்தார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனேன். நாப்கினைப் பிடித்திருந்த கை நடுங்கியது. நான்காவது ஐந்தாவது மூச்சில் உடம்பு தானே விட்டுக்கொடுத்தது. எரிச்சல் இருந்தது, நான் கற்பனை செய்திருந்த வலியில் கால்பங்குகூட இல்லை. வெளியே வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். நான்கு நாளில் முதல்முறையாகப் பசித்தது.

இரண்டாவது பிரசவம் அறுவை சிகிச்சை. இம்முறை வலி மருந்து எழுதும்போதே, "டாக்டர், இது மலச்சிக்கல் உண்டாக்குமா?" என்று கேட்டுவிட்டேன். உண்டாக்கும் என்று சொல்லி முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்தார். வாயு அடைத்துத் தோள் வரை வலித்தது எனக்குப் புதிது, படுக்கையைச் சுற்றி மெதுவாக நடந்ததில் இறங்கியது. நாப்கினுக்குப் பதில் சின்னத் தலையணையை வயிற்றுத் தையல் மேல் அணைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை சிரமமில்லாமல் முடிந்தது.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவை சில உண்டு. வயிறு உப்பி வலியோடு வாந்தி வந்து வாயுகூடப் பிரியாமல் இருந்தால், காய்ச்சல் அடித்தால், தையலில் சீழ் பிடித்தால், இரத்தம் நிற்காமல் போனால் உடனே மருத்துவமனைதான். ஆசனவாய்த் தசை வரை கிழிந்து தையல் போட்டவர்கள் எனிமாவோ உள்ளே வைக்கும் மருந்தோ தாங்களாக எடுக்கவே கூடாது. மலமோ வாயுவோ அடக்க முடியாமல் கசிகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். வெளியே சொல்ல மிகவும் கூச்சமானது அதுதான், ஆனால் அதற்குச் சிகிச்சையும் பயிற்சியும் இருக்கின்றன.

போன வாரம் ஆசிரியர் அறையில், ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கும் இளைய ஆசிரியை என் பக்கத்து நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள். நோட்டுத் திருத்துவதுபோல் குனிந்துகொண்டு, "அக்கா, இரும்பு மாத்திரை சாப்பிட்டால்..." என்று தொடங்கி நிறுத்தினாள். எத்தனை நாளாகிறது என்று கேட்டேன். ஐந்து என்றாள். அன்றே மருத்துவரிடம் சொல்லச் சொன்னேன், மாத்திரையை நிறுத்தாதே என்றேன். உணர்வு எப்போது வரும் என்று கேட்டதற்கு, "இரண்டாம் பாடவேளையில் அக்கா, அடக்கிக்கொள்வேன்" என்றாள்.

எனக்கு அந்த நேரம் வகுப்பு கிடையாது. இப்போது தினமும் அவள் வகுப்பு வாசலில் போய் நிற்கிறேன். அவள் தலையசைத்தால் உள்ளே போய்ச் சுண்ணக்கட்டியை வாங்கிக்கொள்கிறேன்.