பாட்டிக்கு ரெண்டு பொறந்தநாள்

என் வீட்டுக்காரர் மெக்சிகன் குடும்பம். அவரோட அம்மாவப் பெத்த பாட்டி ஹலிஸ்கோ மாநிலத்துல லோஸ் ஆல்தோஸ்னு சொல்ற மேட்டுப் பகுதியில, அராந்தாஸ் ஊருக்கு வெளிய ஒரு ராஞ்சோல, அதாவது பண்ணைக் குடியிருப்புல பொறந்து, சின்ன வயசுலயே இங்க அமெரிக்காவுல டெக்சஸ் சான் அந்தோனியோவுக்கு வந்தவங்க. பாட்டி தவறினப்போ கல்லறைக் கல்லுல வெட்ட தேதி கேட்டாங்க, அங்கதான் எல்லாரும் முழிச்சோம். அமெரிக்க பேப்பர் எல்லாத்துலயும் 1928 பிப்ரவரி 2, ஆனா வீட்டுல கொண்டாடினது எப்பவும் டிசம்பர் 12. டிசம்பர் 12 குவாதலூப்பே மாதா திருநாள், பாட்டி பேரும் மரியா குவாதலூப்பே, அதனால அது வெறும் நாம விழா, பொறந்தநாள் இல்லன்னு ஒரு கட்சி, இல்ல இல்ல அம்மா வாயாலயே டிசம்பர்னுதான் சொல்லிருக்காங்கன்னு எங்க அத்தை ஒரு கட்சி. (மாமியார நான் அத்தைன்னுதான் கூப்பிடுறது, அவங்களுக்கும் அது புடிச்சுப்போச்சு.) "கல்லுல தப்பா வெட்டிரக்கூடாதும்மா"ன்னு அவங்க சொன்ன விதம் மனச விட்டுப் போகல, சரி நான் தேடுறேன்னு உக்காந்துட்டேன்.

தேடுற எடம் ஃபேமிலிசர்ச்தான், குடும்ப முன்னோரத் தேடுற வெப்சைட். யூட்டா மாநிலத்து மோர்மன் சபைக்காரங்க 1950கள்லயிருந்து மெக்சிகோ கோயில் (சர்ச்) பதிவுப் புத்தகங்கள மைக்ரோஃபிலிம்ல படம் புடிச்சு வச்சிருந்தாங்க, இப்ப அதெல்லாம் ஆன்லைன்ல இருக்கு, காசு இல்ல. நான் தூத்துக்குடி கத்தோலிக்கப் பொண்ணுங்கிறது இதுல பெரிய உதவி. ஞானஸ்நானப் புத்தகம், ஞானத்தகப்பன், ஞானத்தாய், கல்யாணத்துக்கு முன்னாடி கோயில்ல மூணு ஓலை (அறிவிப்பு) வாசிக்கிறது, இதெல்லாம் எனக்கு யாரும் வெளக்க வேண்டியதில்ல, பேர்தான் வேற, அங்க பத்ரீனோ, மத்ரீனா, அமோனெஸ்தாசியோனெஸ். ஒரே எழுத்து நடையிலதான் எல்லா சாமியாரும் எழுதிருக்காங்க, நாப்பது அம்பது வார்த்தை புடிபட்டா போதும் ஒரு புத்தகத்தையே படிச்சிரலாம். கஷ்டம் மொழி இல்ல, சுருக்கி எழுதுறதுதான். செப்டம்பர ஏழு போட்டு பக்கத்துல 'ப்ரே'ன்னு எழுதுவாங்க, அக்டோபருக்கு எட்டு. அது தெரியாம ஏழாம் மாசம்னு எடுத்துக்கிட்டு நான் ஒரு வாரம் ஜூலையில தேடிட்டு இருந்தேன்.

இன்னொரு விஷயம், இத ஆரம்பிக்கிறவங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். ஸ்பானிஷ் வழக்கத்துல ஒருத்தருக்கு ரெண்டு குடும்பப் பேர், முதல்ல அப்பாவோடது, அடுத்தது அம்மாவோடது, கல்யாணம் ஆனாலும் பொம்பளைங்க பேர் மாறாது. பாட்டி அமெரிக்கா வந்து கல்யாணம் பண்ணினதும் இங்கத்து பேப்பர்ல தாத்தா பேர ஒட்டிட்டாங்க, பாட்டியோட அம்மா வழிக் குடும்பப் பேர் சுத்தமா காணாமப் போச்சு. அத திருப்பிப் புடிச்சாதான் அந்தப் பக்கம் ஒரு அடி நகர முடியும். அத்தைகிட்ட கேட்டு கேட்டு, பழைய ஜெபப் புத்தகத்துக்குள்ள இருந்த ஒரு மரண அறிவிப்புச் சீட்டுல அது கெடச்சுது.

முதல்ல கெடச்சது அரசாங்கப் பதிவு. மெக்சிகோல 1859ல பெனித்தோ ஹுவாரெஸ் காலத்துலயே பிறப்பு இறப்ப அரசாங்கம் பதியணும்னு சட்டம் வந்துருச்சு. பாட்டியோட பதிவு 1929 நவம்பர், பொறந்தது 1928 பிப்ரவரி 2ன்னு அப்பா சொல்லிருக்கார், ரெண்டு சாட்சி, ரெண்டு பக்கத்து தாத்தா பாட்டி பேரும் இருக்கு. அதுல 'ப்ரெசெந்தோ வீவா'ன்னு ஒரு சொல் வரும், புள்ளைய உயிரோட கொண்டாந்து காட்டினார்னு அர்த்தம். எல்லாப் பதிவுலயும் அச்சடிச்ச மாதிரி வர்ற சொல்தான், இருந்தாலும் கிட்டத்தட்ட ரெண்டு வயசுப் புள்ள, கையப் புடிச்சு நடந்துதான் வந்திருக்கும், அந்த எடத்துலயே நான் ரொம்ப நேரம் நின்னுட்டேன்.

ஏன் அவ்ளோ லேட்? கிறிஸ்தேரோ போர். காயெஸ் ஜனாதிபதியா இருந்தப்போ கோயிலுக்கு எதிரா போட்ட சட்டத்த எதிர்த்து 1926 ஜூலை 31ஓட ஆயர்கள் நாடு முழுக்க பொது பூசைய நிறுத்திட்டாங்க, அடுத்து ஜனங்க ஆயுதம் தூக்கினாங்க, 1929 ஜூன்லதான் சமாதானம். லோஸ் ஆல்தோஸ்தான் அந்தப் போரோட நடு நெஞ்சு. 1927ல ராஞ்சோல இருக்கிறவங்க எல்லாம் வீட்ட விட்டு டவுனுக்கு வந்துரணும்னு ராணுவம் வெரட்டிருக்கு, அப்படிப்பட்ட அரசாங்கத்தோட ஆபீசுக்கு எந்தத் தகப்பன் போய் புள்ளையப் பதிவான்? அமைதியானதுக்கு அப்புறம் போனவங்க, லேட்டுக்கு அபராதம் வருமேன்னு தேதிய முன்ன பின்ன சொல்றதும் உண்டு. ஆக பிப்ரவரி 2ஐ நம்ப முடியாது.

டிசம்பர் 12 நெசம்னா அது 1927 டிசம்பராத்தான் இருக்கணும், ஆனா கோயில் புத்தகத்துல 1927ஐத் தேடினா வெத்து. இண்டெக்ஸ்ல பேர் போட்டுத் தேடினாலும் இல்ல. அந்த நேரத்துல மனசு விட்டுப்போய் பாட்டியோட முன்னோர் பக்கம் போயிட்டேன், அதுவும் வீணாப் போகல. சொந்தத்துக்குள்ள கல்யாணம் பண்ணினா திருச்சபைகிட்ட டிஸ்பென்சா வாங்கணும், எங்க அம்மா அப்பாவே மாமன் மக அத்தை மகன், அனுமதி வாங்கித்தான் கோயில்ல கல்யாணம் பண்ணினாங்க, அதனால இது எனக்கு வீட்டுக் கதை மாதிரி. லோஸ் ஆல்தோஸ்ல இது மூட்டை மூட்டையா இருக்கு, பொண்ணும் மாப்பிள்ளையும் எந்தத் தாத்தாவுல போய் சேர்றாங்கன்னு சாமியார் மரம் மாதிரி வரைஞ்சே வச்சிருப்பார், ஒரே தாள்ல நாலு தலைமுறை. 1822க்கு முந்தின புத்தகத்துல ஒவ்வொருத்தர் பேருக்குப் பக்கத்துலயும் காஸ்தா, அதாவது எந்த இனத்துல வந்தவங்கன்னு எழுதிருக்கும், எஸ்பஞோல் (ஸ்பானிஷ்காரர்), இந்தியோ (பூர்வகுடி), மெஸ்தீசோ (இந்த ரெண்டும் கலந்தவர்), முலாத்தோ (ஆப்பிரிக்கக் கலப்பு)ன்னு. சுதந்திரம் வாங்கினதுக்கப்புறம் அந்த வருஷம்தான் அத எழுதக்கூடாதுன்னு உத்தரவு வந்துச்சு. இந்த காஸ்தாதான் போர்த்துகீசியர் வாயில நம்ம கரைக்கும் வந்து கேஸ்ட்னு ஆன சொல். நாங்க சுத்த ஸ்பானிஷ் ரத்தம்னு சொல்லி வளர்ந்த குடும்பத்துல 1760கள்ல ஒரு பாட்டி பேர் பக்கத்துல 'முலாத்தா லிப்ரே'ன்னு இருந்துச்சு, ஆப்பிரிக்க வழி வந்தவங்க, அடிமை இல்லாதவங்க. அத்தைகிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அந்தப் பாட்டி பேர ரெண்டு தடவ சத்தமா படிச்சாங்க.

அதுக்கப்புறம்தான் எனக்குத் தோணிச்சு, போர் நடக்கும்போது புத்தகம் ஏது, சாமியாரே ஒளிஞ்சுல்ல திரிஞ்சிருப்பார், சின்ன நோட்டுல குறிச்சு வச்சு கோயில் தொறந்ததும் காப்பி பண்ணிருப்பாங்களோன்னு. 1929 புத்தகத்த இண்டெக்ஸ் பாக்காம ஒவ்வொரு பக்கமா தள்ளினேன். மூணாவது ராத்திரி கெடச்சுது. ஓரத்துல பெரிய எம், அது தலையில குட்டி ஏ, அப்புறம் ஜி பி இ, அவ்ளோதான். மரியா குவாதலூப்பேங்கிறதோட சுருக்கம் அது, இண்டெக்ஸ் போட்டவங்க அத வேற என்னமோன்னு ஏத்திருக்காங்க. உள்ள, 1927 டிசம்பர் 19 அன்னைக்கு ஒரு வீட்டுல வச்சு ஞானஸ்நானம் குடுத்தேன், பொறந்து ஏழு நாள் ஆன பொம்பளப் புள்ளன்னு இருக்கு. அப்பா அம்மா பேர், நாலு தாத்தா பாட்டி பேர், எல்லாம் ஒத்துப்போகுது. 19ல ஏழு போனா 12.

அதே ஓரத்துல, கீழ, வேற மையில, வேற கையெழுத்துல இன்னொரு வரி. 1948ல டெக்சஸ் சான் அந்தோனியோவுல கல்யாணம்னு தாத்தா பேரோட. எந்த ஊர்ல கல்யாணம் நடந்தாலும் ஞானஸ்நானம் வாங்கின கோயிலுக்குத் தகவல் அனுப்புவாங்க இல்லையா, இங்கேயிருந்து அப்ப போன தகவல யாரோ ஒரு சாமியார் அராந்தாஸ்ல எழுதி வச்சிருக்கார். அத்தைக்கு போன் பண்றப்போ ராத்திரி பதினொண்ணரை. அவங்க வந்து அந்த வரி மேல வெரல வச்சு தேய்ச்சுக்கிட்டே இருந்தாங்க, ஸ்க்ரீன் பெருசாகி சின்னதாகி ஆடிட்டே இருந்துச்சு.

கல்லுல டிசம்பர் 12, 1927ன்னு வெட்டியாச்சு.