டைவ் வாட்ச்: மாத்திக் கட்டவா, ஒரிஜினலே வாங்கவா?

ஆபீஸ்ல கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் ஸ்கூபா கோர்ஸுக்காக அந்தமான் கிளம்பறான். போன வாரம் கேட்டான், "அண்ணா, பழைய சீக்கோ எஸ்கேஎக்ஸ்007 ஒண்ணு செகண்ட்ஸ்ல வருது, அத வாங்கி கண்ணாடி, டயல், முள்ளு, கண்ணாடிய சுத்தி இருக்கிற பெஸல் வளையம் எல்லாத்தையும் மாத்தி ரோலக்ஸ் சப்மரைனர் லுக்குக்கு கொண்டு வந்து அதையே கட்டிட்டு தண்ணிக்குள்ள போயிடவா, இல்ல அந்த காசுக்கு புதுசா ஒரு ஒரிஜினல் டைவ் வாட்ச் வாங்கிடவா?" வாட்ஸ்அப்ல ரெண்டு வரில முடியற பதில் இல்ல இது. முடிவ மட்டும் முதல்லயே சொல்லிடறேன்: கையில கட்டி ரசிக்கணும்னா தாராளமா மாத்திக்கலாம், ஆழத்துக்கு இறங்கணும்னா ஒரிஜினல் வாங்கணும். ஏன்னு சொல்லத்தான் மீதி எல்லாம்.

எஸ்கேஎக்ஸ்007 தெரியாதவங்களுக்கு: 1996-ல வந்த சீக்கோ டைவ் வாட்ச், 2019 வாக்குல தயாரிப்ப நிறுத்திட்டாங்க. உள்ள ஓடறது 7எஸ்26 மெஷின், கை ஆட ஆட தானா சுத்திக்கும், சாவி குடுக்க முடியாது, டைம் வைக்கும்போது செகண்ட் முள்ளும் நிக்காது. ஆனா கேஸ் அவ்ளோ உறுதி, திருகி மூடற சாவி (டைம் வைக்க இழுக்கற குமிழ்) 4 மணி பக்கம் இருக்கும், மணிக்கட்டுல குத்தாது. விலையும் கைக்கு எட்டற மாதிரி இருந்ததால உலகம் முழுக்க ஆளுங்க இத பிரிச்சு மேய ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு இதுக்கு கிடைக்காத பார்ட்டே இல்ல, 31.5 மில்லிமீட்டர் சஃபையர் கண்ணாடி, செராமிக் பெஸல் தட்டு, விதவிதமான முள்ளு, டயல், ஏன் கேஸே கூட தனியா கிடைக்குது, உள்ள இருக்கிற மெஷினுக்கு பதிலா என்ஹெச்36-ங்கிற மெஷின போட்டா சாவியும் குடுக்கலாம் செகண்ட் முள்ளும் நிக்கும், முழுசா சுத்தி வெச்சா 41 மணி நேரம் ஓடும். சாயந்திரம் உக்காந்து நம்ம கையாலயே முள்ள நேரா பொருத்தி 12 மணிக்கு மூணும் ஒண்ணா நிக்கிறத பாக்குறப்போ வர்ற சந்தோஷம் இருக்கே, அத நான் கொஞ்சம்கூட குறைச்சு பேச மாட்டேன். இந்தப் பொழுதுபோக்குல எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியே அதுதான்.

சிக்கல் டயல்ல கீழ இருக்கிற அந்த ஒரு வரியில இருக்கு. "டைவர்ஸ் 200 மீ". சாதாரண வாட்ச்சுல "வாட்டர் ரெசிஸ்ட் 100 மீ"ன்னு போட்டிருப்பாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணு கிடையாது. டைவர்ஸ்னு எழுதணும்னா டைவ் வாட்ச்சுக்கான ஐஎஸ்ஓ 6425-ங்கிற சர்வதேச தரத்துல தேறணும். 1982-ல வந்தது, 1996-லயும் 2018-லயும் திருத்தினாங்க. குறைஞ்சது 100 மீட்டர் தாங்கணும், போட்டிருக்கிற ஆழத்த விட கால் பங்கு அதிகமா, அதாவது 200 மீட்டர் வாட்ச்ன்னா 25 பார், அதாவது 250 மீட்டர் ஆழத்துக்கு சமமான அழுத்தம் குடுத்து பாக்கணும். அதுவும் நூத்துல நாலு எடுத்து சாம்பிள் பாக்குற கதை இல்ல, ஒவ்வொரு வாட்ச்சையும் தனித்தனியா சோதிக்கணும். உப்புத் தண்ணி, அதிர்ச்சி, காந்தம், சூட்டுல இருந்து திடீர்னு குளிருக்கு மாத்தறது எல்லாம் இருக்கு. இருட்டுல 25 சென்டிமீட்டர் தூரத்துல மணி தெரியணும், வாட்ச் ஓடிட்டுதான் இருக்குங்கிறதும் இருட்டுலயே தெரியணும், அதனாலதான் செகண்ட் முள்ளுல ஒரு ஒளிரும் புள்ளி வெக்கிறாங்க. மாத்திக் கட்டறவங்க நிறைய பேர் அந்தப் புள்ளி இல்லாத மெல்லிசு முள்ள போட்டுடறாங்க, பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கலங்கின தண்ணில வாட்ச் நின்னு போச்சா ஓடுதான்னே தெரியாது.

இப்ப முக்கியமானது. அந்த 200 மீட்டர் சோதனை நடந்தது ஃபேக்டரில அந்த வாட்ச்ச மூடின நிலைமைல. பின் மூடிய திறந்த நிமிஷமே அந்த எழுத்துக்கு மதிப்பு போச்சு, திரும்ப மூடி திரும்ப சோதிச்சா மட்டும்தான் வரும். தண்ணி உள்ள போக மூணே வழிதான்: கண்ணாடி, சாவி, பின் மூடி. எஸ்கேஎக்ஸ மாத்தறதுன்னா கிட்டத்தட்ட இந்த மூணையும் தொடாம இருக்க முடியாது.

கண்ணாடிய சுத்தி நைலான் வாஷர் ஒண்ணு இருக்கு. புது கண்ணாடி போடும்போது பிரஸ்ல கொஞ்சம் சாய்ஞ்சு இறங்குனாலும் அந்த வாஷர் ஓரத்துல சீவிடும், மேல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. அதனால கண்ணாடி மாத்தினா வாஷரும் புதுசு, பழச திரும்ப போடவே கூடாது. பின் மூடி மூணுலயும் சுலபம், ரப்பர் வாஷர மாத்தி, சிலிகான் கிரீஸ் லேசா, பளபளன்னு தெரியற அளவுக்கு மட்டும் தடவி, உக்கார்ற பள்ளத்துல ஒரு தலைமுடி கூட இல்லாம துடைச்சு மூடணும். ஒரு முடி போதும், தண்ணிக்கு அது பாலம் மாதிரி.

எல்லாத்துலயும் மோசமானது சாவிதான். தனியா வாங்கற சாவிக்கும் கேஸ்ல இருக்கிற குழாய்க்கும் அளவு சரியா பொருந்தணும், உள்ள இருக்கிற ஓ-ரிங்ங்கிற ரப்பர் வளையம் நசுங்கி உக்காரணும். மெஷின மாத்தினா சாவித் தண்ட வெட்டணும், கொஞ்சம் நீளமா விட்டுட்டா சாவி முழுசா திருகாது, ஆனா திருகின மாதிரியே தோணும். நான் பாத்தவரைக்கும் மாத்தின வாட்ச்சுல தண்ணி போனதுன்னு யாராவது சொன்னா முதல்ல சாவியத்தான் சந்தேகப்படுவேன், பெரும்பாலும் அங்கதான் இருக்கும்.

சரி, எல்லாம் ஒழுங்கா பண்ணி டெஸ்ட்டும் பண்ணிட்டா? கடைகள்ல பரவலா இருக்கிறது கை பம்ப் வெச்ச டெஸ்டர், 6 பார் வரைக்கும் போகும். வாட்ச்ச தண்ணிக்கு மேல தொங்கவிட்டு காத்தழுத்தம் ஏத்தி கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம் தண்ணிக்குள்ள இறக்கி அழுத்தத்த மெதுவா குறைப்பாங்க. ஓட்டை இருந்தா உள்ள போன காத்து குமிழியா வரிசையா வெளிய வரும், வந்த உடனே மேல தூக்கிடணும், இல்லேன்னா தண்ணி உள்ள போயிடும். 10 மீட்டர் தண்ணிக்கு ஒரு பார்ங்கிற கணக்குல 6 பார்னா 60 மீட்டர். முதல் கோர்ஸ்ல இறக்கறதே 18 மீட்டர், பொழுதுபோக்கு டைவிங்குக்கு எல்லையே 40 மீட்டர், அப்ப 60 போதாதான்னு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. கணக்குப்படி போதும். ஆனா அந்த டெஸ்ட் சொல்றது அன்னிக்கு, அந்த மேஜை மேல, அசையாம இருந்தப்போ ஒழுகலைங்கிறத மட்டும். போட் ஏணில சாவி இடிச்சா, வெயில்ல கொதிச்சுட்டு இருந்த வாட்ச்சோட திடீர்னு தண்ணில குதிச்சா, ஒரு வருஷம் கழிச்சு வாஷர் இறுகினா என்ன ஆகும்னு அது சொல்லாது. டைவர்ஸ் சோதனைல சாவிய பக்கவாட்டுல அமுக்கிட்டே அழுத்தம் குடுக்கறதெல்லாம் உண்டு. நாம போறது 20 மீட்டரா இருந்தாலும் 200 மீட்டர் வாட்ச் கேக்கறது இதுக்குத்தான், மீதி எல்லாம் கையிருப்பு.

இங்க ஒண்ணு சொல்லிடணும், கைய வேகமா வீசினா அழுத்தம் பல மடங்கு ஏறி வாட்ச் ஒழுகிடும்னு எல்லாரும் சொல்றாங்க, அது தப்பு. நொடிக்கு 5 மீட்டர் வேகத்துல கைய வீசினாலும், தண்ணிக்குள்ள அது ரொம்ப அதிக வேகம், கூடறது ஒன்னேகால் மீட்டர் ஆழத்துக்கு சமமான அழுத்தம்தான். வாட்ச்ச கெடுக்கறது சுடுதண்ணிக் குளியல், சோப்பு, காஞ்சு போன வாஷர், திருகாம விட்ட சாவி இதெல்லாம்தான்.

வீட்டுலயே பண்ணக்கூடிய ஒரு சோதனையும் இருக்கு, தரத்துல இருக்கறதேதான். வாட்ச்ச 40 டிகிரி வாக்குல, கை பொறுக்கற சூட்டுல வெச்சு சூடாக்கி, கண்ணாடி மேல ஒரு சொட்டு சாதாரண தண்ணிய விட்டு ஒரு நிமிஷம் கழிச்சு துடைங்க. கண்ணாடிக்கு உள்பக்கம் புகை மாதிரி படிஞ்சா உள்ள ஈரம் இருக்கு. ஈரம்னா ஓட்டைன்னு அர்த்தம் இல்ல, நம்ம ஊர்ல மூடும்போதே ஈரம் உள்ள மாட்டிக்கும். சென்னை, பாண்டி மாதிரி கடலோர ஊர்ல பல நாள் 25 டிகிரி பக்கம் வந்தாலே காத்துல இருக்கிற ஈரம் தண்ணியா படிய ஆரம்பிச்சிடும், அந்தக் காத்தோட வாட்ச்ச மூடிட்டு ஏசி கார்ல ஏறினாலே கண்ணாடி மங்கும். அதனால ரொம்ப நேரம் ஏசி ஓடின ரூம்ல வெச்சுதான் மூடணும். வாட்ச் ரிப்பேர் பண்ற அண்ணன்கிட்ட குடுத்தா இத தயங்காம கேளுங்க, "அண்ணே ஏசில வெச்சு மூடுங்க, எத்தன பார்ல டெஸ்ட் பண்ணீங்கன்னு சொல்லுங்க"ன்னு. நல்ல வேலைக்காரர் இதுக்கு கோவப்பட மாட்டாரு, சந்தோஷமாத்தான் சொல்வாரு.

ஒரிஜினல்னு நான் சொல்றது பேருக்காக இல்ல. சீக்கோவோட முதல் டைவ் வாட்ச் 1965-ல வந்தது, 150 மீட்டர். 1968-ல ஹிரோஷிமா பக்கம் குரேங்கிற ஊர்ல இருந்து ஒரு தொழில்முறை டைவர் கம்பெனிக்கு லெட்டர் போட்டாரு, 300 மீட்டர் மாதிரி ஆழத்துல நாங்க பண்ற வேலைக்கு உங்க வாட்ச் தாங்கலன்னு. பல நாள் ஹீலியம் கலந்த காத்துல இருந்து வேலை பாக்கற டைவிங் அது, ஹீலியம் வாட்ச்சுக்குள்ள புகுந்து மேல வரும்போது கண்ணாடியவே தள்ளிடும். அந்த லெட்டருக்கு அவங்க குடுத்த பதில்தான் 1975-ல வந்த 600 மீட்டர் டைட்டானியம் வாட்ச், இப்ப எல்லாரும் டூனான்னு கூப்பிடறது, எல் வடிவத்துல வாஷர் செஞ்சு ஹீலியம் உள்ளயே வராம அடைச்சாங்க. அந்த ஒரு வாட்ச்சுக்கு ஏழு வருஷம்! நாம ஆன்லைன்ல வாங்கற வாஷருக்குப் பின்னாடி அப்படி ஒரு உழைப்பு இருக்கான்னு நமக்கு தெரிய வழியே இல்ல.

சப்மரைனர் லுக் பத்தியும் என் மனசுல இருக்கறத சொல்லிடறேன். 1953-ல பிறந்த அந்த டிசைன எல்லாரும் பாத்து பாத்து செஞ்சிருக்காங்க, கறுப்பு டயல், வட்டப் புள்ளி, சுத்தற பெஸல், அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா ரோலக்ஸ்னு பேர் அச்சடிச்ச டயல போட்டீங்கன்னா அது மாத்தின வாட்ச் இல்ல, போலி. அத கட்டாதீங்க, விக்கவும் செய்யாதீங்க. பேரில்லாத டயல், இல்ல சொந்தமா ஒரு டிசைன், அது ரொம்ப அழகா இருக்கும்.

பெஸல் விஷயத்துலயும் கவனம் வேணும். தண்ணில இறங்கின நேரத்த குறிச்சு வெக்கத்தான் டைவ் பெஸல், அது ஒரு பக்கம் மட்டும்தான் சுத்தும், தெரியாம இடிச்சு நகர்ந்தாலும் நேரம் கூடுதலா ஆனதா காட்டும், நீங்க சீக்கிரம் மேல வருவீங்க, குறைச்சு காட்டவே காட்டாது. வெளில வாங்கின பெஸல் லூசா உக்காந்து ரெண்டு பக்கமும் ஆடுதுன்னா தண்ணிக்குள்ள அதுக்கு வேலை கிடையாது. இப்ப டைவிங்குக்கு ஆழமும் நேரமும் காட்டற டைவ் கம்ப்யூட்டர கையில கட்டறாங்க, வாட்ச் ரெண்டாவது துணை, ஆனா துணைன்னு கட்டறது நம்பிக்கையா இருக்க வேணாமா?

காசுக் கணக்குக்கு வந்தா, பழைய எஸ்கேஎக்ஸ் விலை இப்ப ஏறிப்போச்சு, அது மேல கண்ணாடி, சாவி, வாஷர், முள்ளு, மெஷின், வேலைக் கூலி, டெஸ்ட்டுன்னு கூட்டிப் பாத்தா சிட்டிசன் ப்ரோமாஸ்டர் ஒண்ணு புதுசா வாங்கற இடத்துல போய் நிக்கும். என்ஒய்0040 மாடல பாக்க சொன்னேன், 200 மீட்டர் டைவர்ஸ், சாவி 8 மணி பக்கம். பேட்டரில ஓடறது வேணும், ஆனா பேட்டரி மாத்தற கவலை வேணாம்னா அதே ப்ரோமாஸ்டர்ல எக்கோ-டிரைவ் இருக்கு, வெளிச்சத்துல சார்ஜ் ஏறும், பேட்டரிக்காக பின் மூடிய அடிக்கடி திறக்கற வேலை இல்லாததே தண்ணி வாட்ச்சுக்கு பெரிய பலம். சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் எடுத்துடாதன்னும் சொன்னேன், 2019-ல வந்த அந்த வரிசை பாக்க எஸ்கேஎக்ஸ் மாதிரியே இருக்கும், ஆனா 100 மீட்டர், சாவி திருகாது, டைவர்ஸ் கிடையாது.

தம்பி இப்ப ப்ரோமாஸ்டர்தான் எடுக்கறான். எஸ்கேஎக்ஸையும் விட மனசில்ல அவனுக்கு, திரும்பி வந்து மாத்திக்கறேங்கிறான், நல்லது, அப்ப வாங்கும்போது பாக்க வேண்டியது: பின் மூடில இருக்கிற சீரியல் நம்பர்ல முதல் எழுத்து வருஷத்தோட கடைசி இலக்கம், ரெண்டாவது மாசம், நவம்பர் டிசம்பருக்கு எண்ணுக்கு பதிலா எழுத்து இருக்கும். அது விக்கறவர் சொல்ற வயசோட ஒத்துப்போகணும். மூடிய சுத்தி இருக்கிற காடிகள்ல கீறல் இருந்தா யாரோ ஏற்கனவே திறந்திருக்காங்க, அப்ப டெஸ்ட் பண்ணாம அத கை கழுவற தண்ணில கூட காட்டக்கூடாது.