மூன்றாவது கடிதம்

5 ஆகஸ்ட் 2000, சனி

மகளின் கணினியில் இணையப் பக்கங்கள் எல்லாம் திறக்கின்றன. மின்னஞ்சல் மட்டும் அடம்பிடிக்கிறது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற அஞ்சல் மென்பொருளில் முதல் இரண்டு கடிதங்கள் இறங்குகின்றன. மூன்றாவது பாதியில் நின்று பிழைச் செய்தி வருகிறது. மறுபடி முயன்றால் அதே இரண்டும் திரும்ப வந்து விழுகின்றன. இரவுக்குள் ஒரே கடிதம் ஏழு பிரதி.

போன மாதம்தான் இங்கே சிங்கப்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் இரண்டு நெட்வொர்க் கார்டும், கணினிகளை இணைக்க ஒரு ஹப்பும் வாங்கி, கூடத்திலிருந்து அவள் அறைவரை சுவரோரமாகக் கம்பி இழுத்தேன். தொலைபேசி லைன் வழியாக இணையத்தோடு இணைக்கும் மோடம் கூடத்துக் கணினியில் இருக்கிறது. விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இணைப்பைப் பகிரும் வசதி உண்டு என்பதால் ஒரே லைனில் இருவரும் இணையத்துக்குப் போகலாம்.

அதே லைனில் படுக்கையறையிலும் ஒரு தொலைபேசி. என் மாமியாரான அத்தை அதை எடுத்திருப்பார், தொடர்பு அறுந்திருக்கும் என்று முடிவு கட்டினேன். "நாங்கள் இணையத்தில் இருக்கும்போது போனை எடுக்காதீர்கள், அத்தை" என்றேன். "நான் தொடவே இல்லையே அம்மா" என்றார். நான் நம்பவில்லை.

6 ஆகஸ்ட், ஞாயிறு

கம்பியை மாற்றினேன். மகளின் கணினியிலிருந்து கூடத்துக் கணினியின் முகவரியான 192.168.0.1க்கு, இணைப்பைச் சோதிக்கும் பிங் அனுப்பினால் உடனே பதில் வருகிறது. வீட்டு வலைப்பின்னலில் குறையில்லை. அவுட்லுக்கில் காத்திருக்கும் நேரத்தை 1 நிமிடத்திலிருந்து 5 நிமிடமாக்கினேன். பலனில்லை.

மாலையில் படுக்கையறைத் தொலைபேசியின் இணைப்பையே பிடுங்கிவிட்டேன். அப்போதும் லைன் அறுந்தது. ஞாயிறு தவறாமல் தேக்காவிலுள்ள தங்கையோடு பேசும் அத்தை இன்று பேசவில்லை. ஏன் பிடுங்கினாய் என்றும் கேட்கவில்லை.

8 ஆகஸ்ட், செவ்வாய்

இணையச் சேவை நிறுவனத்தின் உதவி எண்ணில் இருபது நிமிடம் காத்திருந்தேன். விண்டோஸை முழுவதும் புதிதாக நிறுவச் சொன்னார்கள். காரணம் தெரியாமல் எல்லாவற்றையும் அழித்துப் போடுவது வைத்தியமே அல்ல. மறுத்துவிட்டேன்.

அவுட்லுக்கை மூடிவிட்டு கட்டளைகளைக் கையால் தட்டி அனுப்ப உதவும் டெல்நெட் வழியாக, அஞ்சல் சேவையகத்தில் கடிதங்களை எடுக்கும் வாசலான 110ஆம் போர்ட்டுக்கு நேராகவே போனேன். பயனர் பெயர், கடவுச்சொல், பிறகு 'லிஸ்ட்'. கறுப்பு எழுத்தில் மூன்றே வரி, கடிதத்தின் எண்ணும் பைட்டில் அதன் அளவுமாக:

1 2304
2 1871
3 4312690

மூன்றாவது 4.3 மெகாபைட்! எங்கள் மோடம் நொடிக்கு ஏறத்தாழ 4.5 கிலோபைட் இறக்கும். அப்படியென்றால் பதினாறு நிமிடம் வேண்டும். பிரதிகள் பெருகியதன் காரணமும் புரிந்தது. அஞ்சலை இறக்கும் பாப்3 முறையில் அழிக்கும் கட்டளை உடனே நிறைவேறாது. 'குவிட்' என்று முறையாக விடைபெற்ற பின்புதான் சேவையகம் கடிதங்களை நீக்கும். நடுவில் லைன் அறுந்தால் ஒன்றையும் நீக்காது. கடிதம் தொலைந்துபோகக் கூடாதே என்று கவலைப்பட்டு வகுத்த விதி அது. எனக்கு அதன்மேல் மதிப்பு கூடிவிட்டது.

"'டெலீ 3' என்று தட்டினால் முடிந்துவிடுமே அம்மா" என்றாள் மகள். 'டாப்' கட்டளையால் தலைப்பை மட்டும் எடுத்துப் பார்த்தேன். மன்னார்குடியிலிருந்து என் தம்பி அனுப்பியது. அழிக்க மனம் வரவில்லை.

9 ஆகஸ்ட், புதன்

தேசிய தின விடுமுறை. காலையிலேயே காகிதமும் பேனாவுமாக மோடத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். லைன் அறுந்து, அது மறுபடி கிரீச்சிட்டு எண்ணைச் சுழற்றும் ஒவ்வொரு முறையும் மணியைக் குறித்தேன். 8.12. 8.22. 8.32. 8.42.

மனிதர் எவரும் இப்படிக் கடிகாரம் பார்த்துத் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள்.

கூடத்துக் கணினியின் அவுட்லுக் அமைப்புகளைத் திறந்தேன். தம்பியின் கடிதம் எந்த நேரமும் வரலாம் என்று, 10 நிமிடத்துக்கு ஒருமுறை அஞ்சல் பார்க்கும்படி போன வாரம் நான்தான் மாற்றியிருந்தேன். அமைப்புகளின் இன்னொரு பக்கத்தில், இணைப்பு பற்றிய பகுதியில், ஒரு கட்டத்தில் டிக் இருந்தது: அனுப்பிப் பெற்று முடிந்ததும் இணைப்பைத் துண்டிக்கவும். வீட்டில் ஒரே கணினி இருந்த காலத்தில் தொலைபேசிக் கட்டணத்தை மிச்சப்படுத்த வைத்தது. பதினாறு நிமிடக் கடிதத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என் கணினியே வெட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

டிக்கை எடுத்தேன். முதலில் படுக்கையறைக்குப் போய்த் தொலைபேசியை மாட்டினேன். "தப்பு என்னுடையது அத்தை, மன்னித்துவிடுங்கள்" என்றேன். "அது போகட்டும், கடிதம் வந்ததா?" என்றுதான் கேட்டார்.

9.20க்கு வந்தது. ஆனால் கடிதம் முழுக்கத் தலையில் கோடும் புள்ளியுமாக ரோமன் எழுத்துகள். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளின் இணைமதி எழுத்துருவைத் தேர்ந்தெடுத்ததும் அத்தனையும் தமிழாக மாறின. கூடவே ஸ்கேன் செய்த படம், பிஎம்பி கோப்பாக, மூன்று மெகாபைட்டுக்குச் சற்று மேல். அஞ்சலுக்காக எழுத்துகளாக மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பருத்திருக்கிறது. இனி படத்தைச் சுருக்கி வைக்கும் ஜேபெக் கோப்பாக அனுப்பச் சொல்லித் தம்பிக்கு எழுத வேண்டும்.

படத்தில் எங்கள் அம்மா, வீட்டுத் திண்ணையில், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்து நெடுநேரம் பார்த்தார். "சம்பந்தி இளைத்துவிட்டார்" என்றார். பிறகு படுக்கையறைக்குப் போய்த் தேக்காவுக்கு எண்ணை அழுத்தினார். அவர் பேசி முடிக்கும்வரை மோடத்தை அணைத்து வைத்திருந்தேன்.